அளவறிந்து போற்றுக வில்வம்

(திருக்கோயிலில் மாசி மாதத்து நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே சிறந்து விளங்கும் திருக்கோயில்களைப் பெரியோர் தேடித் தேடி வழிபட்டனர். அம்மூன்றோடு தலமரத்தையும் சேர்த்துப் போற்றுவது தமிழ்நாட்டு மரபு. சிதம்பரத்துக்குத் தில்லை, திருவானைக்காவுக்கு வெண்ணாவல், காஞ்சி ஏகம்பத்துக்கு மா, மதுரைக்குக் கடம்பு, திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரி என ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு மரம் உரியதாயிற்று. ஊர்ப்பெயரே மரத்தின் பெயரால் அமைந்த தலங்களும் பல. இவ்வாறு ஒரு மரத்துக்கு ஓர் ஊர் உரிமை கொண்டாட, எல்லாச் சிவாலயங்களுக்கும் பொதுவாய் நின்று, நாள்தோறும் இறைவன் திருமுடியில் ஏறும் பேறு பெற்றது ஒரு மரம். அதுவே வில்வம்.

தஞ்சை மாவட்டத்துத் திருவைகாவூரில் இறைவன் வில்வவனேசுவரர். தென்காசி மாவட்டத்துக் கடையத்தில் இறைவன் வில்வவனநாதர். திருவையாற்றிலும் தலமரம் வில்வமே. மரத்தின் பெயரையே தன் பெயராக இறைவன் ஏற்றுக்கொண்டான் என்றால், அம்மரத்தின் பெருமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வில்வம் என்பது வடசொல் வழி வந்த பெயர். இதற்குரிய பழந்தமிழ்ப் பெயர் கூவிளம். யாப்பிலக்கணம் கற்கத் தொடங்கும் மாணவன் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று வாய்பாடு சொல்லும்போதே இம்மரத்தின் பெயரையும் சொல்லிவிடுகிறான். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் வருகின்றன. அவற்றுள் கூவிளமும் ஒன்று. திருமகள் உறையும் மரம் எனக் கருதி இதன் கனியை ஸ்ரீபலம் என்று வடநூலார் வழங்கினர். பூசைக்கு இலை, புலவர்க்குப் பெயர், மருத்துவர்க்குக் காய் எனப் பல துறையினர்க்கும் பயன்பட்ட மரம் இது.

வில்வம் எலுமிச்சையும் நாரத்தையும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. இதன் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஊசி முனையால் குத்தியதுபோல் நுண்ணிய புள்ளிகள் ஒளிவிடுவதைக் காணலாம். அவை மணமுள்ள எண்ணெய் தங்கிய பைகள். இலையைக் கசக்கினால் எழும் மணம் அவ்வெண்ணெயால் வருவது. எலுமிச்சைச் செடியில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி வில்வத்தையும் நாடி வருவது இவ்வுறவு பற்றியே ஆகும்.

விளாமரமும் இக்குடும்பத்ததே. ஆதலின் விளாம்பழத்தையும் வில்வப்பழத்தையும் ஒன்றெனக் கொள்வாரும் உளர். வேறுபாடு அறிவது எளிது. வில்வத்தின் ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள் இருக்கும். விளாவில் ஐந்தும் ஏழும் இருக்கும். விளாம்பழத்தின் ஓடு சாம்பல் நிறத்துச் சொரசொரப்பு உடையது. உள்ளே புளிப்பு மிக்க பழுப்பு நிறச் சதை. வில்வப்பழத்தின் ஓடு வழவழப்பானது. பச்சை மாறி மஞ்சளாகும். உள்ளே இனிப்பும் பிசினும் மணமும் கலந்த மஞ்சட்சதை. பெயர் மயங்கினால் மருந்தும் மயங்கும். மருந்து மயங்கினால் நோய் தீராது.

திருவைகாவூர்த் தலவரலாறு அன்பர்கள் பலரும் அறிந்ததே. மானைத் துரத்தி வந்த வேடன் ஒருவன், இறைவனே புலி வடிவில் எதிர்ப்பட, அஞ்சி வில்வ மரத்தில் ஏறினான். புலி கீழே காத்திருந்தது. உறங்கினால் விழுந்துவிடுவோம் என்று அஞ்சி, உறக்கம் வாராதிருக்க ஒவ்வோர் இலையாகக் கிள்ளிக் கீழே இட்டான். அன்று சிவராத்திரி. அவன் அறியாது இட்ட இலைகள் இறைவன்மேல் விழுந்து அருச்சனையாயின. அவன் முத்தி பெற்றான் என்பது வரலாறு.

இவ்வரலாற்றின் பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். இறைவன் இலையின் எண்ணிக்கையைக் கொண்டு மகிழவில்லை. இரவு முழுவதும் விழித்திருந்த நெஞ்சைக் கொண்டே மகிழ்ந்தான். ஆயினும் சிவராத்திரி நாளில் சில இடங்களில் நிகழ்வது என்ன? கிளையோடு ஒடித்து, நெகிழிப் பையில் திணித்துக் கொண்டுவரப்படும் வில்வம், கருவறை சேரும் முன்னரே வாடிக் கருகுகிறது. பாதி இலை பூசைக்கு ஆகாமல் குப்பைக்குப் போகிறது. மறுநாள் அம்மரத்தைக் காண்போர்க்கு மொட்டைக் கொம்புகளே காட்சியளிக்கின்றன. அன்பினால் செய்தது அன்புக்கு மாறாய் முடிகின்றது.

முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். சதுர்த்தி, அட்டமி, நவமி, அமாவாசை, மாதப் பிறப்பு, திங்கட்கிழமை ஆகிய நாள்களில் வில்வம் பறித்தல் ஆகாது என்று விதித்தனர். அந்நாள்களில் வேண்டும் இலையை முந்திய நாளே பறித்து வைத்துக்கொள்க என்றனர். கணக்கிட்டால் ஒரு மாதத்தில் ஏறத்தாழப் பத்து நாள்கள் மரத்தின்மேல் கை படுவதில்லை. மேலும் ஒன்று. மற்ற மலர்களை ஒருமுறை சாத்தினால் நிர்மாலியம் எனக் களைவர். வில்வத்துக்கோ அக்குற்றம் இல்லை. புதிய இலை கிடையாதபோது, முன்னர்ச் சாத்தியதையே நீரால் கழுவி மீண்டும் சாத்தலாம் என்றும் விதித்தனர். இவ்விதிகளுக்குப் புராணம் கூறும் காரணம் ஒன்று. கண் கூடாகத் தெரியும் காரணம் மற்றொன்று. மரம் பிழைத்திருந்தாலன்றிப் பூசை தொடராது. இறைவனுக்கு இடும்போதும் அளவு உண்டு என்பதே இவ்விதிகளின் உட்கிடை.

பூசைக்குச் சொன்ன இவ்வளவு மருந்துக்கும் பொருந்தும். எவ்வாறு எனின், கேண்மின்.

பொதுவாகக் கனி எதுவாயினும் பழுத்தபின் கொள்வதே நன்று. ஆனால் வில்வம் ஒன்றற்கு மட்டும் பழத்தினும் காயே மருந்தாதற்குச் சிறந்தது என்று ஆயுள்வேத நூலார் விலக்குக் கூறினர். ஒரே மரத்தின் காய் ஒரு தொழிலும் கனி அதற்கு மாறான தொழிலும் செய்வதே இதற்குக் காரணம். காயில் துவர்ப்பு மிகுதி. அது இளகிய மலத்தைக் கட்டும். பழத்தில் இனிப்பும் கொழகொழப்பும் மிகுதி. அது இறுகிய மலத்தை இளக்கும். இவ்வேறுபாடு அறியாமல் வயிற்றுப்போக்கு உடையார்க்குக் கனிந்த பழத்தையும், மலச்சிக்கல் உடையார்க்குக் காயையும் கொடுத்தால், மருந்தே நோயை வளர்க்கும்.

நாள்பட்ட கழிச்சலுக்கும் சீதபேதிக்கும் வில்வக்காயை இந்திய மருத்துவம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பழுக்காத காயின் ஓட்டை உடைத்து, சதையை வில்லைகளாக அரிந்து உலர்த்திப் பொடித்து வைப்பர். பெரியவர்க்கு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் வரை என்பது ஆயுள்வேத மருந்தியல் நூல் கூறும் அளவு. நோயாளியின் வயதும் வலிமையும் பசியும் நோக்கி அதனைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பது மருத்துவர் கடமை.

மேலைநாட்டாரும் இதனை விரைவில் கண்டுகொண்டனர். போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா கோவாவில் தங்கி எழுதி, 1563இல் அச்சிட்ட நூலில் வில்வக்காயின் பயன் பேசப்படுகிறது. வங்காளத்துச் சீமைமாதுளை என்னும் பொருளில் போர்ச்சுகீசியர் அதனை வழங்கினர். இன்று தாவர நூலார் வழங்கும் ஈகிள் மார்மெலாஸ் என்னும் பெயரின் பிற்பகுதி அவ்வழக்கிலிருந்து வந்ததே. 1868இல் வெளியான இந்திய மருந்து நூலிலும் வில்வம் இடம்பெற்றது.

அண்மைக்கால ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. மும்பை ஆய்வாளர் சிலர் காய்ந்த வில்வக்காயின் கியாழத்தை ஆய்வுக்கூடத்தில் சோதித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். கியாழம் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியக் கிருமிகளைக் கொல்லவில்லை. ஆனால் அவை செல்களில் ஒட்டிக்கொள்வதையும் உட்புகுவதையும் குறைத்தது. வாந்திபேதிக் கிருமியின் நஞ்சு உண்டாவதையும் பற்றுவதையும் தடுத்தது. முன்னோர் பட்டறிவால் கண்டதற்கு இவ்வாறு ஒரு விளக்கம் கிடைத்தது. எனினும் ஆய்வுக்கூடத்துக் குடுவையில் கண்டது மனித உடலிலும் அவ்வாறே நிகழும் என்று துணிதற்கு மேலும் ஆய்வுகள் வேண்டும்.

அன்பர்களே! இனிக் கூறப்போவது உயிரோடு தொடர்புடையது. தாய்மார்கள் சிறப்பாக மனங்கொள்ளத் தக்கது.

குழந்தைக்குத் திடீரென வயிற்றுப்போக்குக் கண்டால், முதலில் வில்வத்தைத் தேடி ஓடுதல் கூடாது. கழிச்சலில் உயிரைக் கவர்வது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வெளியேறிப் போவதே. மலத்தைக் கட்டுவது இரண்டாவது; இழந்த நீரை மீட்பதே முதலாவது. வில்வக்காய் எவ்வளவு சிறந்த மருந்தாயினும் இழந்த நீரைத் தராது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த மக்கள் மேற்கு வங்கத்துப் பங்கான் முகாமில் நெருக்கமாகத் தங்கியிருந்தனர். வாந்திபேதி பரவியது. நரம்பின் வழி ஏற்றும் நீர்மம் போதவில்லை. அப்போது மருத்துவர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் சமையற்சோடாவும் அளவறிந்து கலந்த நீரை வாய்வழியே குடிக்கச் செய்தார். தாயும் உறவினருமே குவளையால் ஊட்டினர். 30 விழுக்காட்டளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது. அவர் 2022இல் மறைந்தார்; 2023இல் அவருக்குப் பத்மவிபூசண் விருது அறிவிக்கப்பட்டது. வில்வத்துக்கு எந்த வங்காளத்தின் பெயரைப் போர்ச்சுகீசியர் சூட்டினரோ, அந்த வங்காள மண்ணே கழிச்சலுக்கு முதல் மருந்து நீர்தான் என்பதையும் உலகுக்குக் காட்டியது.

ஓ.ஆர்.எஸ். எனப்படும் அவ்வுப்புச் சர்க்கரைத் தூள் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கிறது. பொட்டலத்தின்மேல் குறித்த அளவு, காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும். பொட்டலம் கிடையாத வேளையில், 1 லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு மிகுதல் கூடாது. இங்கும் அளவே உயிர். தாய்ப்பால் உண்ணும் குழந்தைக்குப் பாலை நிறுத்துதல் ஆகாது. துத்தநாக மாத்திரையையும் மருத்துவர் தருவார். கண் குழிதல், நா வறளுதல், சிறுநீர் குறைதல், துவளுதல், குடிக்க இயலாமை, மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் ஒரு நாழிகையும் தாழ்த்தாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. கைக்குழந்தைக்கு வீட்டிலேயே வில்வப்பொடி கொடுத்துப் பார்த்தல் தகாது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதில் மருந்துச் சரக்கு ஒன்றன் பெயரேனும் இல்லை. அளவோடு உண்பதையும், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து பின்னரே மருந்து செய்வதையும், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து கொடுப்பவன் என்னும் நால்வகையையுமே வள்ளுவர் பேசினார். மருந்து அந்நான்கனுள் ஒன்றே. ஏனைய மூன்றும் இல்லாதபோது மருந்து மட்டும் நோயைத் தீர்க்கும் என நம்புதல் வள்ளுவர் நெறி ஆகாது.

இனி இலையைப் பற்றிச் சில சொற்கள். வில்வ இலை நீரிழிவைத் தீர்க்கும் என்று கேள்விப்பட்டு, நாள்தோறும் காலையில் மென்று வருவோர் பலர். விலங்குகளிடத்துச் செய்த ஆய்வுகளில் இலைச்சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது உண்மையே. அதனால் மாத்திரையை நிறுத்திவிடுதல் பெருந்தவறு. மாத்திரையும் உண்டு, இலையையும் மிகுதியாக உண்டால், சர்க்கரை அளவுக்கு மேல் தாழ்ந்து மயக்கம் நேரக்கூடும். இலை உண்ண விரும்புவோர் அதனைத் தம் மருத்துவரிடம் மறையாது சொல்லுதல் வேண்டும். கருவுற்ற மகளிர் வில்வ இலையை மருந்தாக உட்கொள்ளுதல் கூடாது என்பது பழைய எச்சரிக்கை; அதனைக் கடத்தல் ஆகாது. திருக்கோயிலில் பிரசாதமாகப் பெறும் ஓரிலையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதற்கு இத்தடைகள் எவையும் இல்லை.

வேரின் சிறப்பு வேறு. பதினெண்கீழ்க்கணக்கில் காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலம் என்னும் நூல், கண்டங்கத்திரி முதலிய ஐந்து சிறிய வேர்களால் ஆன மருந்தின் பெயரைத் தாங்கியது. அதற்கு இணையாகப் பெரும்பஞ்சமூலம் என்று ஐந்து பெருமரங்களின் வேரை மருத்துவர் எடுத்துரைப்பர். அதில் முதலில் வைத்து எண்ணப்படுவது வில்வம். இரண்டும் கூடியதே தசமூலம். இலை பறித்தால் மரம் மீண்டும் துளிர்க்கும். காய் பறித்தால் அடுத்த ஆண்டு காய்க்கும். வேரைத் தோண்டினாலோ மரமே போய்விடும். மருந்துக்கு வேர் எடுப்பவன் அதற்கு முன்னரே மரம் நட்டவனாக இருத்தல் வேண்டும்.

வில்வம் நடுதல் அரிய செயல் அன்று. களர் நிலத்தையும் வறட்சியையும் தாங்கி வளரும் இயல்பினது. விதையால் வளர்ந்த மரம் காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம். ஒட்டுக்கட்டிய கன்று அதற்கு முன்னரே காய்க்கும். கோடையில் இலையுதிர்த்துப் பின் புதுத்தளிரோடு பூக்கும். பூத்த பூ பழமாவதற்கு ஏறத்தாழ ஓராண்டு செல்லும். இளங்கன்றின் தளிரை வண்ணத்துப்பூச்சிப் புழு தின்னக் கண்டால், நஞ்சு தெளிக்காது கையால் எடுத்து வேறிடத்து விடலாம். மரம் வளர்ந்தபின் புழுவுக்கும் பங்கு கொடுக்கும் வளம் அதற்கு உண்டு.

பழத்தை வீணாக்குவதும் தமிழ்நாட்டில் மிகுதி. கோயில் நந்தவனங்களில் பழுத்து விழும் வில்வப்பழத்தை எடுப்பார் இல்லை. வடநாட்டாரோ கோடையில் அதனைக் கரைத்துப் பருகுவதைப் பெரும் விருந்தாகக் கொள்கின்றனர். இலங்கையில் உலர்ந்த வில்வப்பூவை நீரில் கொதிக்கவைத்துப் பருகும் வழக்கம் பரவலாக உள்ளது. பானகம் கரைக்கத் தெரிந்த கைகளுக்கு வில்வப் பானகம் எளிது. நன்கு பழுத்த பழத்தை உடைத்துச் சதையை நீரில் சற்று ஊறவைத்து, விதை நசுங்காமல் கையால் பிசைந்து வடிகட்டி, வெல்லமும் சிறிது ஏலமும் சேர்த்தால் போதும். விதை நசுங்கினால் கசக்கும். ஒரு குவளை குளிர்ச்சி. மூன்று குவளை மந்தம். நீரிழிவு உடையார் வெல்லத்தை நீக்குக.

ஆதலின் அன்பர்கள் மேற்கொள்ளத் தக்கவை இவை. அருச்சனைக்கு ஒரு கைப்பிடி வில்வம் போதும். கிளை ஒடித்தல் வேண்டா. பறிக்கலாகாத நாளில் மரத்தை இளைப்பாற விடுக. காய், கனி, இலை, வேர் ஒவ்வொன்றன் தொழிலும் வேறு என அறிந்து, மருத்துவர் சொல்வழிக் கொள்க. குழந்தையின் கழிச்சலுக்கு நீரே முதல் மருந்து என்பதை அண்டை வீட்டார்க்கும் எடுத்துரைக்க. அடுத்த சிவராத்திரிக்கு இலை கொண்டுவர எண்ணும் குடும்பம், இவ்வாண்டு மழைக்காலத்திலேயே ஒரு கன்று நடுக. அக்கன்று மரமாகி இலை தரும் நாளில், நட்டவர் பெயரை எவரும் அறியாமல் போகலாம். வேடன் இட்ட இலையை அறிந்த இறைவன் அதனையும் அறிவான்.

வைத்தியநாதனாய் எழுந்தருளி வல்வினை தீர்க்கும் பெருமான் திருவருளால், எல்லா உயிரும் நோயின்றி வாழ்க! வில்வம் தழைக்க! வையகம் வாழ்க!

திருச்சிற்றம்பலம்.